ஃபோர்த்வித் மாஸ்டர்

குடை. அது குடை என்று எனக்குத் தெரியும், பெனிட்டா. கறுப்புத் துணி, வளைந்த பிடி, எட்டுக் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் ஏழு கம்பி. படம் போட்டவர் ஒன்றை விழுங்கிவிட்டார், அதைக்கூட எண்ணிவிட்டேன். ராஜா தலைக்கு மேல் பிடித்தால் கொற்றக்குடை, பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கினால் வெறும் குடை. இத்தனையும் நாக்குக்குப் பின்னால் டிக்கெட் வாங்கிய பயணிகள்போல வரிசையில் நிற்கின்றன, கதவு திறந்தால் ஏறிவிடலாம் என்று. கதவு திறக்கிறது. ‘ஃபோர்த்வித்’ என்கிறது என் வாய். பெனிட்டா முகம் சுளிப்பதில்லை, அவளிடம் எனக்குப் பிடித்த குணம் அது. அட்டையைக் கவிழ்த்துவைத்துத் தன் தாளில் ஒரு பெருக்கல் குறி போடுகிறாள். குறி நேராக இல்லை, ஒரு கால் நீளம். அடுத்து சீப்பு. எனக்கும் சீப்புக்கும் தொடர்பு விட்டுப் பதினைந்து வருடம் ஆனாலும் பார்த்தால் அடையாளம் தெரியாமலா போகும். ‘ஃபோர்த்வித்.’ இரண்டாவது குறி. உள்ளே நான் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சொல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன், அரசாங்கத் தட்டச்சுத் தேர்வில் அது ஹையர் கிரேடு. வெளியே வருவது ஒரே சொல். ஆறு வாரமாக, திங்களும் வியாழனும் பத்து மணிக்கு, ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் இந்தச் சின்ன அறையில் இதுதான் நடக்கிறது. பெனிட்டா பேச்சுப் பயிற்சி கொடுப்பவள், இருபத்தாறு வயது இருக்கும், என்னை அப்பா என்று கூப்பிடுகிறாள். இன்றைக்குக் கடைசி நாள். ஆறு படம், ஒரு கேள்வி. ஏழில் ஒன்றுக்கு, ஒன்றே ஒன்றுக்கு, கேட்ட சொல்லை நான் சொல்லிவிட்டால் இன்னும் ஆறு வாரம் பேச்சுப் பயிற்சி உண்டு. சொல்லாவிட்டால் பேச்சு என்ற முயற்சியையே விட்டுவிட்டு என்னைப் படம் தொட்டுக்காட்டும் பலகைக்கு மாற்றிவிடுவார்கள். வாசலில் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று போன திங்கட்கிழமை அவள் என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாள், நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தபோது. இது தோல்வி இல்லம்மா, இன்னொரு வழி, அவ்வளவுதான் என்றாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். தாளின் தலைப்பில் தெய்வசிகாமணி, வயது அறுபத்தெட்டு, தட்டச்சு ஆசிரியர் என்று எழுதி, ‘நோயாளி சொல்லும் ஒரே சொல்’ என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஃபோர்த்வித்தை எழுதும்போது நடுவில் ஒரு யூவைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டாள். நாற்பது வருடம் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு மாணவர் தாளைப் பார்த்தவனுக்குத் தலைகீழாகப் படிக்க வரும். பேச்சு போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்த யூ ஆறு வாரமாக என் கண்ணில் விழுந்த தூசு.

பலகை மேசையின் ஓரத்தில் இருக்கிறது. எனக்கென்றே தயார் செய்துவைத்தது, பளபளப்பான உறை போட்டு, நான்கு மூலையும் குத்தாமல் வெட்டி. எட்டுக் கட்டம். தண்ணீர் தம்ளர், சோற்றுத் தட்டு, கழிப்பறை, கட்டில், மாத்திரை, சிரிக்கும் முகம், அழும் முகம், எட்டாவதில் புடவை கட்டிய ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் நிற்கும் படம், கீழே குடும்பம் என்று எழுத்து. இனி எனக்கு என்ன வேண்டுமானாலும் இதில் ஒன்றைத் தொட வேண்டும். பசித்தால் தட்டு. வருத்தமாக இருந்தால் அழும் முகம். வருத்தம் என்றால் எந்த வருத்தம் என்று யார் கேட்கப்போகிறார்கள். ‘இருந்தபோதிலும்’ என்பதற்குக் கட்டம் கிடையாது. ‘நீ சொல்வது சரி, ஆனால் சொன்ன விதம் தவறு’ என்பதற்குக் கட்டம் கிடையாது, அதைத்தானே நான் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் புடவைப் பெண்ணைத் தொட்டால் மனைவி என்று பொருள் என்கிறாள் பெனிட்டா. அந்தப் பெண்ணுக்கு இடுப்பு வரை பின்னல், கன்னத்தில் குழி. என் மனைவிக்கு இரண்டும் இல்லை. என் மனைவி எனக்குப் பின்னால் ஸ்டூலில் மடியில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திரும்பாமலே சொல்வேன், இப்போது முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பலகை எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் அதைச் சுவரில் மாட்டுவாள், தூசு தட்டுவாள், நான் தொட்டதையெல்லாம் கொண்டுவந்து தருவாள், ஒரு குறையும் இருக்காது. அதுதான் பயம். குறை ஒன்றும் இல்லாமல் எட்டுக் கட்டத்துக்குள் வாழ்ந்து முடித்துவிடலாம். வெளியே எட்டாகச் சுருங்கினால் உள்ளேயும் சுருங்கத் தொடங்குமோ என்று தினமும் காலையில் விழித்ததும் சோதித்துப் பார்க்கிறேன், ஊர்ப் பெயர்களைப் பின்னாலிருந்து சொல்லி, பழைய மாணவர்களின் பதிவெண்களைச் சொல்லி. எல்லாம் இருக்கின்றன. இதுவரை இருக்கின்றன. சாவி வருகிறது. ‘ஃபோர்த்வித்.’ மூன்று.

தட்டச்சு பழகுகிறவன் முதல் மாதத்தில் செய்யும் தவறு ஒன்று உண்டு. வேகம் வேண்டும் என்று இரண்டு எழுத்தை ஒரே நேரத்தில் அழுத்திவிடுவான். இரண்டு எழுத்துக் கம்பிகளும் ஒன்றாக எழும்பி, காகிதத்துக்கு ஒரு நூல் முன்னால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். பிறகு எந்த விசையை அழுத்தினாலும் வேறு எழுத்து விழாது. பையன் பயந்துபோய் இன்னும் பலமாக அழுத்துவான், சிக்கல் இறுகும். அழுத்தக் கூடாது, ஒரு விரலால் மெல்ல விலக்கிவிட வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். என் வாயில் நடந்ததும் அதுதான் என்பது என் கட்சி. டாக்டர் ரத்தக் குழாய், இடது மூளை, வலது கை என்று படம் வரைந்து காட்டினார், அதுவும் சரியாகவே இருக்கலாம். அன்று காலை கண்ணாடி முன்னால் முகம் வழித்துக்கொண்டிருந்தேன். துண்டு வேண்டும். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளை ஃபோர்த்வித் என்று கூப்பிட்டேன், தரை எழுந்து வந்தது. கடைசியாக எழும்பிய கம்பி அப்படியே நின்றுவிட்டது. வழக்கமாக அவள் இரண்டாவது கூப்பாட்டுக்குத்தான் வருவாள், முதலாவது எச்சரிக்கை மணி. அன்றைக்கு முதல் கூப்பாட்டுக்கே படியில் ஓடி இறங்கியிருக்கிறாள். ஏன் ஓடி வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு அவள் சொன்னதை நான் கட்டிலில் கிடந்தபடி கேட்டேன்: “‘வித்’து சரியா விழலைங்க டாக்டர்.” சரியான நேரத்தில் வந்தீர்கள், அரை மணி தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் அவர். தாமதம் இல்லாமல். அந்தச் சொல்லுக்கு அகராதியில் போட்டிருக்கும் பொருளும் அதுதான். அதைக் கேட்டு நான் சிரித்தேன், அந்தச் சிரிப்பைத் தசைத் துடிப்பு என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு வார்டில் நான் எதற்கு வாயைத் திறந்தாலும் ஃபோர்த்வித்தான். வேறு யாராவது தண்ணீர் தண்ணீர் என்று கத்தினால் இதோ என்று பதில் வரும், தண்ணீர் வராது. நான் ஃபோர்த்வித் என்றால் நர்ஸ் அரை ஓட்டமாக வருவாள். மேலதிகாரி உத்தரவுபோல இருக்குது, பயமாயிருக்குது என்றாளாம் ஒருத்தி என் மனைவியிடம். ஒரே சொல்லோடு ஒரு வார்டை ஆண்டிருக்கிறேன், பெனிட்டா, நீ பெருக்கல் குறி போடு. பசு. நான்கு.

அந்தச் சொல்லை நான் சம்பாதித்தது எழுபத்தேழு ஆகஸ்ட்டில், ஹையர் தேர்வில். கடிதத் தாளில் ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரியைப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்கிறார், ஃபோர்த்வித். பொருள் தெரியாமலே அடித்தேன், நாங்கள் எல்லாம் பொருள் தெரியாமலே அடித்துத்தான் இங்கிலீஷ் கற்றோம், விரலுக்கு முதலில் தெரியும், மண்டைக்குப் பிறகு. அடிக்கும்போதே அந்தச் சொல் விரலுக்கு இனித்தது. இடது, வலது, இடது, இடது, வலது, இடது, வலது, இடது, வலது. வெளியே வந்ததும் நகராட்சி நூலகத்துக்கு நடந்துபோய் அகராதியைப் பார்த்தேன். உடனே, தாமதம் இல்லாமல் என்று போட்டிருந்தது. உடனே இல்லை அது. உடனே என்பது பஸ்ஸுக்கு ஓடுகிறவன் சொல்வது. இக்கணமே என்பது நாடகத்து ராஜா சொல்வது. ஃபோர்த்வித்துக்குக் கீழே பச்சை மைக் கையெழுத்து உண்டு, வட்ட முத்திரை உண்டு, நகல் மூன்று பேருக்குப் போகும். அதற்கப்புறம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது, குறும்பு என்றுகூடச் சொல்லலாம். கடிதத்தில் இருக்கும்வரை அந்தச் சொல் செத்த சொல், யாரும் அதைப் படித்துவிட்டு எழுந்து ஓடியதில்லை. அதைக் கடிதத்தில் ஒருநாளும் பயன்படுத்துவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டு, தெருவில் விட்டேன். டீக்கடை காஜா பாயிடம், ஒரு டீ, ஃபோர்த்வித். முடிவெட்டும் இடத்தில், இந்தக் கிருதா ஃபோர்த்வித் குறைய வேண்டும். ஒரு மாதத்தில் காஜா பாய் உள்ளே திரும்பி தம்பிக்கு ஒரு ஃபோர்த்வித் என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் என்னை யாரென்றே தெரியாத லாரிக்காரர் ஒருவர் எனக்கும் ஒரு ஃபோர்த்வித் என்று கேட்டு, சர்க்கரை குறைவான கடுந்தேநீரை வாங்கிக் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று போனதை என் கண்ணால் பார்த்தேன். பிற்பாடு நான் தட்டச்சு இன்ஸ்டிடியூட் தொடங்கியபோது பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தது என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஃபோர்த்வித் மாஸ்டர் கிளாஸ், அவ்வளவுதான். தேர்வு நாளில் மிஷின்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றித் தேர்வு மையத்துக்குக் கொண்டுபோவோம், எந்தப் பிள்ளைக்கும் பழகிய மிஷினில்தான் விரல் ஓடும். வண்டி கிளம்பும்போது பிள்ளைகளே ஃபோர்த்வித் என்று வண்டியைத் தட்டிக் கிளப்புவார்கள். இப்போதும் மாலையில் மூன்று பேட்ச் நடக்கிறது, என் பழைய மாணவி ஒருத்தி ஸ்கேலால் மேசையைத் தட்டித் தாளம் போடுகிறாள். தாளம்தான் எல்லாம். முதல் பாடம், ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். வேகத்தைத் துரத்தாதே, தாளத்தைப் பிடி, வேகம் தானாக வரும். வாழைப்பழம். ஐந்து. கடிகாரம். அதில் பத்து மணி பத்து நிமிடம், எல்லாக் கடைக் கடிகாரப் படத்திலும் அதே நேரம்தான், ஏனென்று ஒருவரும் கேட்பதில்லை. ‘ஃபோர்த்வித்.’ ஆறு.

பெனிட்டா அட்டைகளை அடுக்கி ஓரமாக வைக்கிறாள். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுக்கிறாள். அவள் கேள்வியைக் கடைசிக்கு வைத்திருப்பதே எனக்கு உதவி செய்யத்தான் என்று புரிகிறது, ஏனென்றால் குரலைத் தழைத்து, எல்லாவற்றிலும் சுலபமானதைக் கேட்கிறாள். “அப்பா, பின்னால உக்காந்திருக்காங்கள்ல, அம்மா. அவங்க பேரு என்ன?” வாய் திறக்கிறது. ஒன்றும் வரவில்லை. ஃபோர்த்வித்கூட வரவில்லை. ஆறு வாரத்தில் முதல்முறையாக நான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன், அவள் பேனா தாளுக்கு மேலே ஒரு விரற்கடைத் தூரத்தில் காத்திருக்கிறது, என் நிலைமை மோசமாகிவிட்டது என்று அவள் நினைப்பது அவள் புருவத்தில் தெரிகிறது. மோசமாகவில்லை பெண்ணே. நீ கேட்டது நோய்க்கு முன்னாலும் என்னால் முடியாத காரியம். என் மனைவியின் பெயர் மரகதம். என் அம்மாவின் பெயரும் மரகதம். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே அப்பா இதை ஒரு தடையாக எடுத்துவைத்தார். அம்மா, பேரு நல்ல பேருதானே, இன்னொருத்திக்கும் இருந்துட்டுப் போகட்டும் என்றாள். கல்யாணப் பத்திரிகையில் அச்சுக்கோப்பவர் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்ததைப் பார்த்துவிட்டு யாரோ கைதவறி எழுதிவிட்டார்கள் என்று ஒன்றை எடுத்துவிட்டார், அதுவும் மணப்பெண்ணின் பெயரை. பிழைதிருத்தப் போனவன் நான் என்பதால் என் மனைவியை நானே மீட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அவளைப் பாப்பா என்றாள், தங்கைகள் மதினி என்றார்கள். எனக்கு என்ன வழி. பாப்பா என்று என் வாயில் வராது, ஏய் என்பது பெயர் இல்லை, அது ஒரு சத்தம். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மாமா வீட்டு விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது. யோசிக்காமல் உள்ளே பார்த்து ‘மர’ என்று ஆரம்பித்துவிட்டேன். அடுப்படியிலிருந்து என் அம்மா “என்னடா?” என்றாள். முன்னறையில் அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். பெற்ற தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மகன். அந்த இரண்டு எழுத்தோடு அந்தப் பெயர் என் தொண்டையில் நின்றது, நின்ற இடத்திலேயே நாற்பத்தொரு வருடம் இருக்கிறது. ஒன்றும் இல்லம்மா என்று சொல்லிவிட்டு, அறுந்த பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு, வேறு எதுவும் தோன்றாமல், ஃபோர்த்வித் என்றேன். அவள் ஊசிநூலோடு வந்தாள். தன்னைத்தான் கூப்பிட்டேன் என்று எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்துவிட்டு, அதுக்கு என்ன அர்த்தம் என்று அவள்தான் கேட்டாள். தாமதம் இல்லாமல் என்றேன். “நான் எப்ப லேட்டா வந்தேன்?” என்றாள்.

அம்மா போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அதற்கப்புறமாவது சொல்லியிருக்கலாம். தடை விலகிய பிறகும் கை அந்தப் பக்கம் போகவில்லை. மரகதம் என்று இந்த உலகத்தில் அவளைக் கூப்பிட்டது ரேஷன் கடைக்காரர் ஒருவர்தான், அவரும் கதவு எண்ணைச் சேர்த்துச் சொல்வார். ஆனால் ஒன்று செய்துகொண்டிருந்தேன், அது ஒருவருக்கும் தெரியாது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். மிஷின்களை மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைத்ததும் எல்லா எழுத்தும் சரியாக விழுகிறதா என்று அடித்துப் பார்க்க வேண்டும். மற்ற மாஸ்டர்கள் நரி நாயைத் தாண்டும் வாக்கியத்தை அடிப்பார்கள், அதில் இருபத்தாறு எழுத்தும் வந்துவிடும். நான் மரகதம் ஃபோர்த்வித், மரகதம் ஃபோர்த்வித் என்று இங்கிலீஷில் பக்கம் முழுக்க அடிப்பேன். சோதனை என்ற அளவில் அது படு மட்டம். க்யூவும் எக்ஸும் இசட்டும் சோதிக்கப்படாமலே என் இன்ஸ்டிடியூட்டில் வருடக்கணக்காக இருந்தன, ஒரு பையன் தேர்வில் இசட் விழாமல் தவித்தான், அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது. அடித்த தாள்களைப் பழைய காகிதத்தோடு வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஒருநாள் அடுக்களையில் பெருங்காய டப்பாவை எடுக்கப் போனவன் அலமாரித் தட்டைப் பார்த்தேன். தட்டுக்கு விரித்திருந்த காகிதமெல்லாம் என் சோதனைத் தாள்கள். அடித்த பக்கம் மேலே தெரியும்படி விரித்திருந்தாள். உப்பு ஜாடிக்கும் புளிப் பானைக்கும் நடுவில் வரிவரியாக மரகதம். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காகிதம் கறுத்தால் அடுத்த மாதத் தாளை மாற்றிவிடுவாள்.

இப்போது பின்னால் ஸ்டூல் கிரீச்சிடுகிறது. என் மனைவி பேசுகிறாள், பெனிட்டாவின் பேனா இறங்குவதற்கு முன்னால். “அவரு எம் பேரச் சொன்னதே கிடையாதும்மா. எங்க மாமியாருக்கும் எனக்கும் ஒரே பேரு.” பெனிட்டா நிமிர்கிறாள். பின்னே எப்படித்தான் கூப்பிடுவார் என்று கேட்கிறாள். முந்தானை சுருளும் சத்தம் கேட்கிறது, அல்லது கேட்பதாக நினைக்கிறேன். “இதான்,” என்கிறாள். “நீங்க தப்பு தப்புன்னு போடுறீங்களே, இதான். கல்யாணமான வாரத்துலேருந்து.” பெனிட்டா என்னைப் பார்க்கிறாள், முதல்முறையாகப் படத்தைக் காட்டாமல் பார்க்கிறாள். அவள் முகத்தில் ஏதோ விலகி வழிவிடுகிறது. ஆறு வாரமாக நான் குடையையும் சீப்பையும் சாவியையும் பார்த்து என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. எந்தச் சொல் வராமல் போனாலும் பின்னால் உட்கார்ந்திருப்பவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெனிட்டா தாளைத் திருப்பி, ஏழாவது கட்டத்தைத் தேடி, அப்படின்னா இதையே சரின்னு போட்டுடுறேன், பேருதான இது என்று சொல்லிக்கொண்டே பேனாவைக் கொண்டுபோகிறாள். நல்ல பெண், மிகவும் நல்ல பெண். ஆனால் எனக்கு அது வேண்டாம். நாற்பது வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் நான் கருணை மதிப்பெண் போட்டதில்லை. அழுத பிள்ளைக்கும் போட்டதில்லை, கவுன்சிலர் மகனுக்கும் போட்டதில்லை. கேட்ட கேள்வி பெயர். பெயர் இன்னும் சொல்லப்படவில்லை. இடது கையை எடுத்து அந்தக் கட்டத்தின்மேல் வைக்கிறேன். “அப்பா?” என்கிறாள் பெனிட்டா. பொறு.

வலது கை மடியில் யாரோ மறந்துவிட்டுப் போன பைபோலக் கிடக்கிறது. அதை நம்பிப் பயனில்லை. ஃபோர்த்வித்தை எத்தனையோ தடவை மேசையில் அடித்துப் பார்த்துவிட்டேன். ஒன்பது எழுத்தில் இடது கைக்கு ஐந்து, வலது கைக்கு நான்கு, பாதி வழியில் பாலம் இடிந்த சாலை மாதிரி அது. மரகதத்தை அடித்துப் பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை, இத்தனை ஆயிரம் தடவை அடித்தவன். முதல் எழுத்து பெரிய எழுத்து, பெயர் அல்லவா. பெரிய எம் அடிக்க வேண்டுமென்றால் முதலில் இடது சுண்டுவிரல் ஓரத்து விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். பெயர் இடது கையில்தான் தொடங்குகிறது. சுண்டுவிரல் போகிறது. எம் வலது ஆள்காட்டி, அது இல்லை, போகட்டும். ஏ, இடது சுண்டுவிரல். ஆர், இடது ஆள்காட்டி. ஏ, சுண்டுவிரல். ஜி, ஆள்காட்டி. ஏ, சுண்டு. டி, ஆள்காட்டி. எச் வலது கை, ஆனால் அது இங்கிலீஷ்காரனுக்காக முட்டுக் கொடுத்த எழுத்து, தமிழுக்கு அது வேண்டியதே இல்லை. ஏ, சுண்டு. மறுபடி எம். எண்ணுகிறேன், இன்னொரு தடவை எண்ணுகிறேன். பத்து எழுத்தில் ஏழு என் இடது கையில் இருக்கிறது, நோய் தொடாத கையில், அதுவும் சுண்டு, ஆள்காட்டி, சுண்டு, ஆள்காட்டி என்று ஊஞ்சல்போல ஆடும் தாளத்தில். போன கை எடுத்துக்கொண்டு போனது இரண்டு எம்மும் ஒரு வெட்டி எச்சும்தான். எம் என்ன பெரிய வித்தை. உதட்டை மூடினால் அதுவே ம். அதற்குக் கை எதற்கு. நான் சிரிக்கிறேன். தசைத் துடிப்பு என்று எழுதிக்கொள்ளட்டும். மேசையில் அடிக்கிறேன். சுண்டு, ஆள்காட்டி, சுண்டு, ஆள்காட்டி. ஸ்கேல் தாளம் கேட்கிறது. வேகத்தைத் துரத்தாதே. வாய் திறக்கிறது, பழைய கம்பி எழும்புகிறது, ‘ஃபோ’. நிறுத்துகிறேன். நிறுத்திவிட்டேன். ஆறு வாரத்தில் அந்தச் சொல்லைப் பாதியில் நிறுத்தியது இதுதான் முதல்முறை. அழுத்தாதே, மெல்ல விலக்கு. மறுபடி அடிக்கிறேன். உதட்டை மூடு. ‘ம்.’ அறையில் ஒரு வண்டு புகுந்ததுபோல் என் ‘ம்’ சுற்றுகிறது. பெனிட்டா அசையவில்லை. மறுபடி, சுண்டு, ஆள்காட்டி. ‘மர.’ இங்கேதான். இந்த இடத்தில்தான் அடுப்படியிலிருந்து குரல் வரும், செய்தித்தாள் தாழும். காத்திருக்கிறேன். குரல் வரவில்லை. அம்மா, நீ கேட்டாலும் பரவாயில்லை, பேரு நல்ல பேருதானே, இன்னொருத்திக்கும் இருக்கட்டும் என்று நீதானே சொன்னாய். விரல் தானாகப் போகிறது, ஆள்காட்டி, சுண்டு, ஆள்காட்டி, சுண்டு, உதடு மூடுகிறது.

“மரகதம்.”

துருப்பிடித்த கீல்போல இருந்தது அந்தக் குரல், ஆனால் ஒரு எழுத்தும் தேயவில்லை, ஐந்தும் முழுசாக விழுந்தன, நானே திருத்தியிருந்தாலும் சுழிக்க ஒன்றும் இருந்திருக்காது. பெனிட்டா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பின்னாலிருந்து, எந்த அவசரமும் இல்லாமல், அடுத்த அறையில் வேலையாக இருப்பவள் பதில் சொல்வதுபோல, என் மனைவி “என்னங்க” என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தான் எதற்குப் பதில் சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். ஸ்டூல் முழுவதுமாகத் திரும்பும் சத்தம். அழுவாளோ என்று எனக்குப் பயம் வந்தது. அவள் முன்னால் வந்து நின்று, என் தோளில் விழுந்திருந்த ஏதோ நூலை எடுத்துப் போட்டுவிட்டு, “மெதுவாச் சொல்லுங்க, அத்தைக்குக் கேட்டுரப் போகுது” என்றாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. அறுபத்துமூன்று வயதில். பெனிட்டா இன்னொரு தடவை என்று கேட்டாள், தற்செயலாக வந்ததா என்று பார்க்க வேண்டுமாம். முறையான கேள்வி, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். மேசையில் தட்டினேன், சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டாள், இது தேர்வுக்காக இல்லை, ஆசைக்காக என்று தெரிந்தும் சொன்னேன். ஏழாவது கட்டத்தில் சரி போட்டாள், நல்ல நீளமான சரி, கட்டத்தை விட்டு வெளியே போகும் சரி. அந்தப் பேனாவை வாங்கி இடது கையால் அந்த யூவின்மேல் ஒரு கோடு போட்டேன். கோணல்தான், ஆனால் யூ போய்விட்டது. பெனிட்டா தாளைப் பார்த்து, என்னைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மேசை ஓரத்தில் அந்தப் பளபளப்புப் பலகை, எட்டுக் கட்டம், கன்னத்தில் குழி விழுந்த யாரோ ஒரு புடவைப் பெண். விரலால் அதைக் காட்டினேன், பிறகு திறந்திருந்த மேசை டிராயரைக் காட்டினேன். “ஃபோர்த்வித்” என்றேன். இந்தத் தடவை அது சிக்கிய கம்பி இல்லை. வேண்டுமென்றே, தேர்ந்தெடுத்து, முத்திரையோடும் பச்சை மையோடும் நானே பிறப்பித்த உத்தரவு. பெனிட்டா எழுந்து நின்றே பலகையை எடுத்து டிராயரில் போட்டு மூடினாள். வரும் திங்கட்கிழமை பத்து மணிக்கு வாங்க அப்பா, அந்தத் தாளத்தைக் கொண்டு வாங்க என்றாள்.

கைத்தடியை ஊன்றி எழுந்தேன். வலது கால் ஒரு அரை எழுத்துப் பின்தங்கி வருகிறது, பரவாயில்லை, கதவுவரை வந்துவிட்டேன். அவள் இன்னும் உள்ளே பெனிட்டாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டு நிற்கிறாள், கூடையில் எதையோ தேடுகிறாள், தேடுவது வெற்றிலையா கைக்குட்டையா என்று எனக்குத் தெரியும். தாழ்வாரத்தில் ஒரு வரிசை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், வார்டு நர்ஸ் ஒருத்தி ஊசித் தட்டோடு போனாள். என்னிடம் இப்போது இரண்டு சொல் இருக்கின்றன. இரண்டு சொல் இருந்தால் ஒரு வாக்கியம். கைத்தடிப் பிடியின்மேல் விரலால் தட்டினேன், சுண்டு, ஆள்காட்டி, சுண்டு, ஆள்காட்டி, பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, மாதாமாதம் மிஷின் துடைத்துவிட்டு அடித்த அதே வரியைச் சொன்னேன்.

“மரகதம், ஃபோர்த்வித்.”

வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள், நர்ஸ் நடையைக் கூட்டினாள். உள்ளேயிருந்து கூடை மூடும் சத்தம் கேட்டது, செருப்புச் சத்தம் கேட்டது, அப்புறம் குரல்.

“வர்றேன், வர்றேன். நான் எப்ப லேட்டா வந்தேன்?”